கூடப்பிறந்தவங்க வீடு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "குடும்ப ஒற்றுமை". பதினைந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். எங்கள் குழுவில் கணக்கு எழுதுகிறேன், அவ்வளவுதான். மேடைப் பேச்சு வராது. அதனால் எனக்குத் தெரிந்த கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம்ம குழுக்களில் உள்கடன் கொடுக்கும்போது தீர்மானப் புத்தகத்தில் காரணம் எழுதுகிறோம். ஆடு வாங்க, தையல் மெஷின் வாங்க, பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட. இதெல்லாம் சரி. "குடும்பச் செலவு" என்று எழுதுகிறோமே, அது என்ன? எங்கள் குழுவில் மூன்று வருஷத்து நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். குடும்பச் செலவு என்று வாங்கின கடனில் பாதிக்கு மேலே, கூடப்பிறந்தவங்க வீட்டு விசேஷத்துக்கு வாங்கினது. தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம், அண்ணன் மகள் சடங்கு, தங்கச்சி வீட்டுக் காதுகுத்து. நம்மால் முடிந்ததைச் செய்தால் போதாதா? போதாது. ஏனென்றால் அந்த வீட்டில் ஏசி இருக்கிறது. அந்த வீட்டுக்கு வருகிற மற்றவர்கள் காரில் வருகிறார்கள். அங்கே நம்ம தட்டு சின்னதாகத் தெரியக் கூடாது. அதுக்காக இருபத்திநாலு மாசம் தவணை கட்டுகிறோம். நான் கட்டியிருக்கிறேன். அதனால் யாரையும் குத்திக்காட்டுவதாக நினைக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவள், அடுத்தது தம்பி, கடைசி தங்கச்சி. அப்பாவுக்கு இருந்தது பன்னிரண்டு சென்ட் மனையும், அதில் ஒரு ஓட்டு வீடும். பக்கத்தில் கொஞ்சம் குத்தகை நிலம். சம்பா போடுவோம், அறுத்ததும் ஈரம் காயறதுக்குள்ள உளுந்து தெளிப்போம். நம்ம குமராட்சிப் பக்கம் எல்லார் வீட்டுக் கதையும் இதுதான். 1986-இல் நான் எட்டாவது முடித்ததும் அம்மா என்னை நடவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். 1992-இல் பக்கத்து ஊரிலேயே கட்டிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் கொத்தனார். 1995-இல் தம்பி பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் சேர்ந்தான். ஹாஸ்டலுக்குக் கட்டப் பணமில்லை என்று அப்பா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். என் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காதில் வேப்பங்குச்சி போட்டுக்கொண்டு இரண்டு வருஷம் இருந்தேன். இதை நான் தம்பியிடம் சொல்லிக் காட்டியதில்லை என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய் என்று பிறகு தெரிந்தது. வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். மூஞ்சியால் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தம்பி சென்னைக்குப் போனான், வேலை கிடைத்தது, கூட வேலை பார்க்கிற பெண்ணையே 2006-இல் கட்டிக்கொண்டான். தாம்பரம் தாண்டி அடுக்குமாடியில் வீடு. தங்கச்சிக்கு 2002-இல் நெய்வேலியில் மாப்பிள்ளை அமைந்தது. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் தோட்டம், வேப்பமரம். ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேர் மூன்று விதமான வீட்டுக்குள் போய்விட்டோம்.

பணம் வந்தால் முதலில் மாறுவது மனசு என்று சொல்வார்கள். நான் பார்த்த வரைக்கும் அப்படியில்லை. முதலில் மாறுவது தண்ணீர் குடிக்கிற விதம். நம்ம வீட்டில் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்போம். தம்பி வீட்டில் ஆளுக்கொரு பாட்டில், அதில் வாய் வைத்துக் குடிப்பார்கள். நமக்கு அது எச்சில். அவர்களுக்கு நாம் தரையில் வைத்த செம்பிலிருந்து குடிப்பது அசுத்தம். யார் சரி? ரெண்டு பேரும் சுத்தத்தைத்தான் பார்க்கிறோம், ஆனால் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் முகம் சுளிக்கிறோம்.

தங்கச்சி வீட்டில் வேற மாதிரி. அவள் நல்லவள். ஆனால் நான் "வூட்டுக்குப் போவணும்" என்றால், "வீட்டுக்குன்னு சொல்லுக்கா, பக்கத்துல காதுல விழும்" என்பாள். போகும்போது ஒரு கட்டைப்பை நிறைய பழைய புடவை கொடுப்பாள். நல்ல புடவைதான், இரண்டு தடவை கட்டியது. சின்னவள் கட்டிக் கழித்ததைப் பெரியவள் வாங்கிக்கொள்வது எனக்குத் தொண்டையில் முள் மாதிரி நிற்கும். ஆனால் வாங்கிக்கொள்வேன். போன வருஷக் கூட்டத்துக்கு நான் கட்டி வந்த மயில் கழுத்துக் கலர் புடவையை நீங்கள் எல்லாம் நல்லாருக்கு என்று சொன்னீர்களே, அது அந்தப் பையில் வந்ததுதான்.

2013-இல் தம்பி வீட்டுக்குச் சொல்லாமல் போனேன். நமக்கு என்ன, கூடப்பிறந்தவன் வீட்டுக்குச் சொல்லிவிட்டா போவோம்? உளுந்து நாலு படி, முருங்கைக்காய், நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம். கேட்டில் இருந்த வாட்ச்மேன் ஒரு நோட்டை நீட்டி, "எந்த பிளாட்டுக்கு வேலைக்கு வந்தீங்கம்மா?" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவரும் நம்ம மாதிரி ஒரு ஊரிலிருந்து வந்தவர்தான். "அக்கா" என்று சொன்னேன். "யாரோட அக்கா?" என்றார். லிப்ட்டில் கருவாட்டு வாசனை. கூட வந்த அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டார்கள். தம்பி பெண்டாட்டி கதவைத் திறந்ததும் முகத்தில் அதிர்ச்சி. பொட்டலத்தை வாங்கிப் பால்கனியில் கட்டித் தொங்கவிட்டாள். ராத்திரி முழுக்க அது என் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன்.

இதை ஊரில் வந்து எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! எல்லோரும் என் பக்கம்தான் பேசினார்கள். ஆனால் அவள் ஒரு தடவை நம்ம ஊருக்கு வந்தபோது நாம் என்ன செய்தோம் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்போது எங்கள் குளியல் மறைப்புக்குக் கதவு கிடையாது, படுதாதான். அவள் குளிக்கிறபோது நான்கு பெண்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தோம். சம்பளம் எவ்வளவு என்று கேட்டோம். ரெண்டாவது புள்ள ஏன் இல்லை, டாக்டரிடம் காட்டினியா என்று கேட்டோம். எங்கள் சித்தி தாலிச் சங்கிலியைக் கையில் தூக்கிப் பார்த்து எத்தனை சவரன் என்றாள். இதெல்லாம் நமக்குப் பாசம். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

சின்ன வயதில் ஆயா நல்லதங்காள் கதை சொல்வாள். பஞ்சம் வந்து ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள், சோறாக்க எரியாத பச்சை மட்டையைக் கொடுக்கிறாள். கடைசியில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் இன்றைக்கும் அவளைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். கதை முடிந்ததும் எல்லோரும் மூளி அலங்காரியைத்தான் திட்டுவோம். அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருந்தான், பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் இப்போது கேட்கிறேன்: தன் வீட்டில் தங்கச்சியை எப்படி நடத்துவார்கள் என்று ஒரு அண்ணனுக்கு நிஜமாகவே தெரியாமல் இருக்குமா? 'பாசமலர்' படத்துக்கு அழுதோம், 'கிழக்குச் சீமையிலே' படத்துக்கு அழுதோம். சினிமாவில் அண்ணன் தங்கை அழுதால் கணக்குத் தீர்ந்துவிடும். நம்ம வீட்டில் அழுது முடித்த பிறகுதான், படுத்த படுக்கையாய் இருக்கிற அம்மாவின் துணியை யார் அலசுவது என்கிற பேச்சு வரும்.

அதுக்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். இதை இந்த மேடையில்தான் முதல் தடவை சொல்கிறேன்.

2015 வெள்ளம் உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். கடலூர் மாவட்டமே தண்ணீரில் கிடந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு. பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு நாள் காலை சென்னையிலிருந்து வேன் வந்தது, நிவாரணம் கொடுக்க. இறங்கினவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பனியன். அதில் என் தம்பியும் இருந்தான். அவன் வேலை பார்க்கிற இடத்து ஆட்களைச் சேர்த்து அவன்தான் கூட்டி வந்திருக்கிறான். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அரிசிப் பையையும் பெட்ஷீட்டையும் அவன் கையாலேயே எடுத்துக் கொடுத்தான். பக்கத்தில் ஒருவர் போட்டோ எடுத்தார். நான் சிரித்தேன். அவன் என்னைப் பார்த்தான், பார்வையை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குப் பையை நீட்டினான். "இது எங்க அக்கா" என்று சொல்லவில்லை. வேன் கிளம்புகிற வரைக்கும் சொல்லவில்லை. ராத்திரி போன் பண்ணினான், அம்மாவைப் பற்றிக் கேட்டான், அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த பெட்ஷீட் இன்னும் மடித்தபடி இருக்கிறது.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் நான் அவன் வீட்டுப் படி ஏறவில்லை. பொங்கல் சீர் மட்டும் வரும், கூரியரில். அந்தக் கோபத்தையும் நான் அவன் பெண்டாட்டி மேல்தான் போட்டேன். அவள்தான் சொல்லக் கூடாது என்று சொல்லியிருப்பாள் என்று. அவள் அன்றைக்கு அந்த வேனிலேயே இல்லை.

2022 ஐப்பசி மழையில் அம்மா வாசல்படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிவு. அப்பா 2009-இலேயே போய்விட்டார். சிதம்பரத்தில் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவு இல்லை. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை அதில் வரும். நம்மில் இன்னும் அட்டை எடுக்காதவர்கள் இருந்தால் தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள். இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சிலர் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எத்தனையோ வருஷம் கழித்து ஒரே பெஞ்சில். தம்பி சொன்னான், "ஏஜென்சில ஆள் போட்டா மாசம் 18,000 கேக்கறாங்க. இல்லன்னா நல்ல ஹோம் ஏதாவது பாக்கலாம்." தங்கச்சி சொன்னாள், "எதுக்கு ஆளு? அக்கா ஊர்லதான இருக்கா. சும்மாதான இருக்கா."

சும்மாதான இருக்கா! விடிகாலை நாலு மணிக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டி, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, நூறு நாள் வேலைக்குப் போய், நடவு நேரத்தில் நடவுக்குப் போய், குழுக் கணக்கு எழுதி, பேங்குக்கு அலைகிற நான் சும்மா இருக்கிறேன். மாசச் சம்பளம் வராதவர்கள் எல்லோரும் சும்மா இருப்பவர்கள் என்று படித்தவர்கள் வீட்டில் ஒரு கணக்கு. அன்றைக்கு எனக்கு வார்த்தை வரவில்லை. எழுந்து போய் டீ வாங்கி வந்து மூன்று பேருக்கும் கொடுத்தேன்.

அடுத்த வாரம் தம்பி ஒரு பத்திரத்தை டைப் அடித்துக் கொண்டுவந்தான். விடுதலைப் பத்திரம். வீட்டு மனையில் எனக்கும் தங்கச்சிக்கும் உரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற மாதிரி. மனையை விற்று அம்மா செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். "நம்ம குடும்பத்துல பொம்பளப் புள்ளைங்க பங்கு கேக்கற பழக்கம் இல்ல, இல்லக்கா?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சத்தம் போட்டுப் பேசக் கூடாது, கருவாடு எடுத்து வரக் கூடாது, சொல்லாமல் வரக் கூடாது என்கிற மரியாதையெல்லாம் ஒரு பக்கம். பங்கு கேட்கக் கூடாது என்பதும் அதே மரியாதைப் பட்டியலில்தான் இருக்கிறது. முதல் மூன்றுக்கும் கட்டுப்படாதவள் என்று பேர் வாங்கினவள் நான். நாலாவதுக்கு மட்டும் எதற்குக் கட்டுப்பட வேண்டும்?

நம்ம கூட்டமைப்பில் ஒரு தடவை சட்ட விழிப்புணர்வு முகாம் நடந்ததே, அன்றைக்கு நான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இலேயே செங்கல்பட்டில் பெரியார் நடத்திய சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா தானே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில்தான் மகளுக்கு இடமில்லாமல் இருந்தது. 1989-இல் தமிழ்நாடு அரசு அதிலும் பங்கு கொடுத்தது, ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் வந்து அந்தத் தடையும் போனது. அப்புறமும், அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா இல்லையா என்று கோர்ட்டில் இழுத்தார்கள். 2020 ஆகஸ்ட் 11-இல் சுப்ரீம் கோர்ட், வினீதா சர்மா என்கிற அம்மா போட்ட வழக்கில், மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே உரிமை, அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை என்று சொல்லிவிட்டது. டெல்லியில் இருக்கிற அந்த அம்மாவும் கூடப்பிறந்த அண்ணன் தம்பியை எதிர்த்துத்தான் வழக்குப் போட்டார். வசதியான குடும்பம் என்றால் இந்தப் பிரச்சனை இருக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். நம்மில் கிறித்தவ சகோதரிகளுக்கு வேறு சட்டம், அதில் மகனுக்கும் மகளுக்கும் சமம். இஸ்லாமிய சகோதரிகளுக்கு அவர்கள் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று.

நமக்கு வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதும் காரணமில்லை. சட்டப்பணிகள் குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கிறார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணினால் வழி சொல்வார்கள்.

நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. கையெழுத்தும் போடவில்லை. "படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று பத்திரத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அக்கா படித்துப் பார்ப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் அம்மாவின் பாஸ்புக்கில் என்ட்ரி போட பேங்குக்குப் போனேன். குழுக் கணக்குப் பார்த்துப் பழகின கண் சும்மா இருக்காது, ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். மாசாமாசம் அம்மாவுக்கு வருகிற 3,000 ரூபாய், 2020 ஜூன் வரை தம்பி பேரில் வந்திருக்கிறது. அதற்கப்புறம் அவன் பெண்டாட்டி பேரில். ஒரு மாசம் விடாமல், முதல் வாரத்திலேயே. நான் பேங்க் வாசலிலேயே உட்கார்ந்து அவளுக்குப் போன் பண்ணினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள், "கொரோனாவுல அவருக்கு வேலை போயிடுச்சு அண்ணி. ஒன்றரை வருஷம் வீட்லதான் இருந்தார். இப்ப போறது பழைய சம்பளத்துல பாதிகூட இல்ல. ஊர்ல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். முக்கியமா உங்களுக்கு."

முக்கியமா எனக்கு. என் தோட்டை வாங்கிக்கொண்டு படித்தவன், தோற்றுப் போய் என் முன்னால் வந்து நிற்க முடியவில்லை. கை வீசி வெறுங்கையோடு ஊருக்கு வர அவனுக்கு முடியாது, அதனால் வருவதையே நிறுத்திவிட்டான். நான் அதைத் திமிர் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு வரச் சொன்னேன். நம்ம குழுக் கூட்டம் மாதிரியே நடத்துவது என்று முடிவு. பாயை விரித்தேன். தம்பி நாற்காலி கேட்டான், முட்டி வலியாம். தங்கச்சி வீட்டுக்காரரும் நாற்காலியைப் பார்த்தார். "இருக்கறது ஒரே நாற்காலி, அதுல அம்மாவோட மருந்து இருக்கு" என்றேன். உட்கார்ந்தார்கள். அம்மா கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொரு ஆள் பேசக் கூடாது, மருமகளும் மருமகனும் பேசலாம், பேசினதை எழுதுவோம், கடைசியில் கையெழுத்து. தம்பி சிரித்தான். "என்னக்கா, மினிட்ஸா?" என்றான். "ஆமாம், எங்க ஊர்ல அதுக்குப் பேரு தீர்மானம்" என்றேன்.

டயபர் 1,800, மாத்திரை 1,450, பால் பழம் முட்டை 1,500, நடக்கப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் வருகிற ஆளுக்கு 2,400. மொத்தம் 7,150 ரூபாய். எழுதி முடித்ததும் தம்பி பெண்டாட்டி பேனாவை வாங்கினாள். "ஒரு வரி விட்டுப் போச்சு" என்று சொல்லி, "பார்த்துக்கொள்ளும் ஆள், 18,000" என்று எழுதினாள். அதற்கு எதிரே என் பேரை எழுதி, "செலுத்தியாயிற்று" என்று போட்டாள். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். சும்மா இருப்பவளுக்கு மாசம் 18,000 என்று கணக்கில் ஏற்றினது, நான் வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்.

தம்பி வீடு 4,500, தங்கச்சி வீடு 2,650, உழைப்பு என்னுடையது, வருஷத்தில் ஒரு மாசம் அம்மா நெய்வேலியில். தங்கச்சிக்கு அதில் இஷ்டமில்லை. குவார்ட்டர்ஸில் இடமில்லை, பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றாள். பெற்றோர் பராமரிப்புக்கு 2007-இல் ஒரு சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் மாசம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவு போடலாம், அது மகனுக்கு மட்டுமில்லை, மகளுக்கும் பொருந்தும். இதை நான் அன்றைக்கு வாயைத் திறந்து சொல்லவில்லை. தெரிந்து வைத்திருந்ததால் குரல் கொஞ்சம் தைரியமாக இருந்தது. அவள் வீட்டுக்காரர்தான், "என் அம்மா இருந்தா வச்சிக்க மாட்டோமா?" என்று முடித்து வைத்தார். அம்மா இருக்கிற வரை வீட்டை விற்பதில்லை, பிறகு மூன்று பங்கு என்றும் எழுதினோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அது பதிவு செய்த பத்திரம் இல்லை, ரெஜிஸ்டர் ஆபீஸில் செல்லாது என்று எனக்குத் தெரியும். ஒரு நோட்டு, அவ்வளவுதான். அந்த விடுதலைப் பத்திரத்தைத் தம்பி திருப்பிக் கேட்கவில்லை.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு கிணற்றடியில் தம்பி தனியாக நின்றான். நான் கேட்டுவிட்டேன், ஏழு வருஷம் கழித்து. "அன்னிக்கு ஏன்டா அக்கான்னு சொல்லல?" ரொம்ப நேரம் பேசவில்லை. "சொல்லியிருந்தா, கூடப்பிறந்தவள வரிசையில நிக்க வச்சிட்டு நீ பெரிய மனுஷனா வந்து நிக்கிறியான்னு அவனுங்க கேட்டிருப்பானுங்கக்கா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல" என்றான். அது சரியான பதிலா, எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் யோசித்தால் சில நாள் மனசு ஆறுகிறது, சில நாள் ஆறவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தங்கச்சி பணம் சரியாக அனுப்புகிறாள், பேச்சு குறைந்துவிட்டது. இந்தப் பொங்கலுக்கு வரவில்லை. பழைய புடவைப் பையும் வரவில்லை. அது வராதது எனக்கு இப்போது குறையாக இருக்கிறது பாருங்கள். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரைக்கும் வருகிறாள். தம்பி மகள் கோடை லீவில் வந்து பத்து நாள் இருந்தாள். நான் டீயை உறிஞ்சிக் குடிப்பதைப் பார்த்து, "அத்தை, ஏன் சத்தம் வருது?" என்று கேட்டாள். "சூடா இருக்கு, அதான்" என்றேன். மறுநாள் அவளும் சத்தத்தோடு குடித்தாள். அவள் அம்மா போனில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளை போன மாசம் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். வருகிற மாசம் தாம்பரத்தில் சடங்கு வைத்திருக்கிறார்கள். தம்பி பெண்டாட்டி போன் பண்ணி, "அண்ணி, நெத்திலிக் கருவாடு எடுத்து வாங்க, ஆனா லிப்ட்ல வேணாம், மாடிப்படியில ஏறி வந்துடுங்க" என்றாள். நாலாவது மாடி. ஏறிக்கொள்ளலாம்.

தலைவர் மணியைக் காட்டுகிறார்கள், முடித்துக்கொள்கிறேன். அத்தை முறைக்கு நான் சீர் வைக்க வேண்டும். அந்தக் கடன் மனு இந்த மாசம் எங்கள் குழுக் கூட்டத்தில் வருகிறது. 20,000 கேட்கலாம் என்றுதான் முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். தொகை 6,000 ரூபாய். காரணம் என்கிற இடத்தில் குடும்பச் செலவு என்று போடவில்லை. "தம்பி மகள் சடங்குக்குச் சீர்" என்று அப்படியே எழுதியிருக்கிறேன்.